ஆமை விளக்கும் என் முழங்கால்களும்

ஒரு மின்சாரக் காருக்கு என்ன நோய் என்பதை என் இரண்டு முழங்கால்களால் கண்டுபிடித்தவன் நான். கையால் அல்ல, கருவியால் அல்ல, மூளையால் நிச்சயமாக அல்ல. அந்தக் காரை வடிவமைத்த என்ஜினியர்கள் அத்தனை பேரும் ஒரு மைதானத்தில் கூடி, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து யோசித்திருந்தாலும் பிடிபட்டிருக்காது. காரணம், அவர்களில் ஒருவருக்கும் என் முழங்கால்கள் வாய்க்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். உயரம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்றால், மேகம் தாழ்வாக வரும் நாட்களில் ஊரில் மழை தொடங்கும் முன்பே என் தலை நனைந்துவிடும். என் மனைவி இதற்கு நேர் எதிர். அவள் கடைக்குள் நுழைந்து பேசினால், கடைக்காரர் "யாரோ கூப்பிட்டாங்களே" என்று மேஜைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். எங்கள் இருவரையும் ஒரே கல்யாணப் படத்துக்குள் அடக்குவதற்காகப் போட்டோகிராபர் பின்பக்கமாகவே நடந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டார் என்று நான் சொல்வதுண்டு. மனைவி மறுப்பாள். அடுத்த தெரு இல்லை, வாசல் வரைதான் என்பாள்.

அவள் நர்ஸாக இருந்தவள். வேலை பார்த்த காலம் முழுக்க பஸ்ஸிலும், என் ஸ்கூட்டரின் பின்னாலும், தம்பியின் காரில் பையை மடியில் வைத்துக்கொண்டும் போய் வந்தவள். ஓய்வு பெற்ற கையோடு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸ் வாங்கினாள். சின்னதாக ஒரு மின்சாரக் காரும் வாங்கினாள். முதல் தடவை தனியாக எடுத்துக்கொண்டு போனவளிடம், "எங்க போயிட்டு வந்த?" என்று கேட்டேன். "எங்கயும் இல்ல, சும்மா ஓட்டிட்டு வந்தேன்" என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்த ஜொலிப்பை எங்கள் கல்யாணத்தன்று நான் பார்த்ததில்லை. ஒரு வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே கணவன் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்து என் மச்சினனைச் சொல்லியாக வேண்டும். மனைவியின் தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனியில், விபத்தான வண்டிகளைப் பார்த்து இது நிஜமா பொய்யா என்று எழுதிக் கொடுக்கும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்பான். அதனால் குடும்பத்தில் அவனுக்கு ஆதாரம் என்றே பெயர். வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த கையை முகர்ந்தும் பார்த்துவிட்டு, "பெய்யுது போலத்தான் இருக்கு" என்பான். ஆனால் அக்காமேல் உயிர். கார் வந்ததும் கருஞ்சிவப்பில் சீட் கவர் வாங்கி வந்தான். கடையில் மாட்டச் சொன்னால் ஏனோதானோவென்று மாட்டுவார்கள் என்று, பாதி உடம்பை வண்டிக்குள்ளும் பாதி உடம்பைத் தெருவிலும் போட்டுக்கொண்டு, ஒரு பகல் முழுக்கத் தானே மாட்டினான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆமை வரும்வரை.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தோம். மனைவி ஓட்டினாள், நான் பக்கத்தில். ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் திரையில் திடீரென்று மஞ்சளாக ஒரு ஆமை முளைத்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வண்டி தன் பலத்தைத் தானே குறைத்துக்கொண்டால் அந்தக் காரில் ஆமைப் படம்தான் எரியும். அவள் எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்தது. ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. ஒரு நாய் தாண்டிப் போனது. காற்றில் உருண்டு வந்த ஒரு காகிதக் கப் எங்களைத் தாண்டி, கொஞ்ச தூரம் போய், திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. பின்னால் அடித்த ஹார்ன்களை வைத்து ஒரு கச்சேரியே நடத்தியிருக்கலாம். மனைவி பதறவில்லை. ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி உயிர் கொடுத்தாள். ஆமை போய்விட்டது. வண்டி பறந்தது.

அதற்கப்புறம் ஆமை அடிக்கடி வரத் தொடங்கியது. விசித்திரம் என்னவென்றால், அவள் ஓட்டினால் மட்டுமே வந்தது. நான் ஓட்டினால் வராது. தம்பி ஓட்டினாலும் வராது.

ஆதாரம் விசாரணையைத் தொடங்கினான்.

"அக்கா, நீ ரெண்டு காலையும் வெச்சு ரெண்டு பெடலையும் ஒண்ணா மிதிக்கிற. அதான் வண்டி குழம்புது."

"நான் ஏண்டா ரெண்டு காலையும் வெக்கப் போறேன்? ஒரு காலே எனக்குக் கஷ்டப்பட்டுத்தான் எட்டுது."

"பின்ன ஏன் நாங்க ஓட்டினா வர மாட்டேங்குது?"

"ஆமைக்கு உன் மூஞ்சியப் பாத்தா பயமா இருக்கும்."

சிரித்துவிட்டாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது எனக்குத் தெரியும். ஏனென்றால் தம்பி இந்தக் கருத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை, எங்கள் மகளுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான். அவள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து உடனே தீர்ப்பு வந்தது. "அம்மா, நடு ரோட்ல வண்டி ஊர்ந்தா பின்னால வர்ற லாரிக்காரனுக்குத் தெரியுமா? ஞாயித்துக்கிழமை வரேன், சாவிய நான் எடுத்துக்கறேன். எங்க போகணும்னாலும் அப்பா கூட்டிட்டுப் போவாரு." மனைவி "சரி" என்று மட்டும் சொன்னாள். பையை மடியில் வைத்துக்கொண்டு போகும் பழைய இடத்துக்கு அவளை மறுபடியும் அனுப்பப் பார்த்தார்கள். அன்று அவள் வண்டியைத் துடைத்தாள், துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தாள்.

மறுநாளே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மின்சார வண்டிகளுக்கென்றே இருக்கும் பட்டறை. கீழே ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. தரையில் சாப்பிடலாம் என்று தோன்றும், யாரும் விடமாட்டார்கள். எங்கள் வண்டியைப் பார்த்தது ஒரு பெண் மெக்கானிக். கூர்மையான பிள்ளை. வண்டியில் டேப்லெட்டை மாட்டி, வண்டி சேமித்து வைத்திருந்த கோளாறுச் செய்தியைப் படித்துவிட்டு விளக்கினாள்.

"பெரிய கரண்ட் போற ஆரஞ்சு கேபிள் பிளக் எல்லாத்து வழியாவும் ஒரு மெல்லிசு ஒயர் காவலுக்குச் சுத்தி வரும் சார். எங்கயாவது ஒரு பிளக் லூஸானா அந்த ஒயர்ல தொடர்பு விட்டுப்போயிடும். வண்டி உடனே உஷாராகி பவரைக் குறைச்சுக்கும். இங்க எங்கயோ விட்டு விட்டுப் போகுது."

"எங்க லிஃப்ட்ல கதவு சரியா சாத்தலன்னா நகராதே, அதே கதை!" என்றேன்.

"அதேதான் சார்."

அந்த "அதேதான்" கேட்டு என் உயரம் இன்னும் ஒரு சாண் கூடியது. உற்சாகத்தில் ஒரு ஆரஞ்சு கேபிளைச் சுட்டிக்காட்ட விரலை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, என் கையை என் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துவிட்டாள். "ஆரஞ்சு கலரைப் பாத்தா கை அங்கதான் இருக்கணும் சார்."

முன்பக்கத்து பிளக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினாள். அவளுடைய மேஸ்திரி சுற்றினார். நானும் சுற்றினேன். ஆமை வரவே இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மனைவி உள்ளே உட்கார்ந்து முணுமுணுத்தாள்: "வண்டிய வெளிய குடுத்தாலே யாரோ ராட்சசன் ஏறி இறங்கின மாதிரி சீட்டு எங்கயோ கெடக்கும். காலே எட்டல." சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பட்டறை வாசலில் இருந்த வேகத்தடையைத் தாண்டியதும் ஆமை எரிந்தது.

"வண்டி சரியாத்தான் இருக்கு. ஓட்டறதுலதான் ஏதோ கோளாறு," என்று ஆதாரம் கையைக் கட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை மறுபடியும் போனோம். ஆதாரமும் வந்தான், விசாரணை அதிகாரி இல்லாமலா? அந்தப் பெண் வண்டிக்குள் ஏறி, குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட்டைப் பின்னால் தள்ளினாள்.

"நில்லு கண்ணு," என்றாள் என் மனைவி.

எல்லாரும் நின்றோம். என் மனைவி அப்படிச் சொன்னால் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்களே நிற்பார்களாம்.

"நீ ஏறின உடனே செஞ்ச வேலை என்ன? சீட்டைப் பின்னால தள்ளின. உங்க மேஸ்திரியும் தள்ளினாரு. இவரு தள்ளுவாரு. என் தம்பியும் தள்ளுவான். நான் ஒருத்திதான் முன்னால இழுக்கறேன். நான் ஓட்டறப்பதான் ஆமையும் வருது. எல்லாரும் என் வண்டிய ஓட்டிப் பாத்தீங்க. என்னை மாதிரி உக்காந்து ஒருத்தராவது ஓட்டினீங்களா?"

அந்தப் பெண் சீட்டைவிட்டு இறங்கினாள். பிறகு, "அம்மா, நீங்க வாங்க, நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து டேப்லெட்ல பாக்கறேன்," என்றாள்.

"நான் ஓட்ட மாட்டேன். நான் ஓட்டி ஆமை வந்தா, இவன் மறுபடியும் என் காலைத்தான் சொல்வான். வேற ஆளு ஓட்டட்டும், என் இடத்துல உக்காந்து."

"நான் வேணா..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"நீ சாட்சிடா. பின்னால உக்காரு. அப்புறம் பாக்கலன்னு சொல்லிடுவ."

பிறகு அவள் தலையைப் பின்னால் சாய்த்து, அண்ணாந்து, என்னைப் பார்த்தாள். "என்னங்க, கொஞ்சம் மடிஞ்சுக்குவீங்களா?"

கொஞ்சமா! சீட்டை முழுக்க முன்னால் இழுத்துவிட்டு என்னை உள்ளே ஏற்றிய அந்தக் காட்சியைப் பார்க்கப் பட்டறையே வேலையை நிறுத்தியது. ஒட்டகத்தைத் தபால் பெட்டிக்குள் போடுவதுபோல் போட்டார்கள். முதலில் என் வலது கால் போனது, பிறகு நான் போனேன், கடைசியில் யாருடையது என்று தெரியாத ஒரு கால் வந்து சேர்ந்தது. என் முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் ஏறி, காதுகளோடு ரகசியம் பேசின. தாடை ஹார்ன்மேல் உட்கார்ந்தது. மூச்சு விட்டால் ஹார்ன் அடித்தது, இழுத்தால் நின்றது.

"அத்தான், இன்சூரன்ஸ் இருக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டான் சாட்சி.

"மாப்ள, வாய மூடு. என்னால திரும்பி உன்ன அடிக்க முடியாதுங்கற தைரியம் உனக்கு."

பட்டறைக்குப் பின்னால் மதில் சூழ்ந்த காலி வளாகம் ஒன்று உண்டு, வண்டிகளை ஓட்டிப் பார்க்க. அங்கே மெதுவாக நகர்ந்தேன். வலப்பக்கம் திருப்பினால் இடது முழங்கால் போய் வைப்பரை முடுக்கியது. சுள்ளென்று அடிக்கும் வெயிலில் வைப்பர் வீசி வீசித் துடைத்தது. இடப்பக்கம் திருப்பினால் மற்ற முழங்கால் விளக்கைப் போட்டது. ஹார்ன் அது பாட்டுக்கு என் மூச்சோடு அடித்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு ஊர்வலமாக வேகத்தடையின்மேல் ஏறி இறங்கினோம்.

ஆமை!

"வந்துருச்சு!" என்று அந்தப் பெண் கத்தினாள். நான் கத்தினேன், அதாவது ஹார்ன் கத்தியது. ஓரத்தில் நின்ற மனைவி கை தட்டினாள். ஒரு ஆமையைக் கண்டு மனிதர்கள் இவ்வளவு ஆனந்தப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"தற்செயலா இருக்கும்," என்றான் பின் சீட்.

அந்தப் பெண் சளைக்கவில்லை. என்னை உள்ளேயே வைத்து சீட்டைப் பின்னால் தள்ளினாள். ஆஹா, சொர்க்கம்! வேகத்தடையில் ஏறி இறங்கினோம். ஆமை இல்லை. மறுபடி முன்னால் இழுத்தாள். நரகம். ஏறி இறங்கினோம். ஆமை. அவளுக்கு ஒரு தடவை போதாது, ஆதாரத்துக்கு எத்தனை தடவையும் போதாது. இருவருக்கும் நடுவில் என் முழங்கால்கள் வாழ்க்கையின் எல்லா நிலைகளையும் கண்டன. ஒவ்வொரு தடவையும் சீட்டு முன்னால் வந்தால் ஆமை வந்தது, பின்னால் போனால் ஆமை போனது.

என்னை வெளியே எடுக்க ஒருவர் அக்குளைப் பிடிக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பழையபடி நிமிர்ந்து நிற்க எனக்கு மத்தியானம் ஆனது.

அந்தப் பெண் வண்டியின் மின்சாரத்தைத் துண்டித்து, சற்று நேரம் காத்திருந்து, தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச்சோடு டிரைவர் சீட்டுக்கு அடியில் தலையை விட்டாள். "இங்கயும் ஒரு பிளக் இருக்கு சார், மொத்த கரண்டையும் நிறுத்தறதுக்கு. காவல் ஒயர் இது வழியாவும்தான் போகுது," என்று குரல் வந்தது. பிறகு தலை வெளியே வந்தது.

"அம்மா, இந்த சீட் கவரை யாரு மாட்டினது?"

ஆதாரம் மேலே சுற்றும் மின்விசிறியை, முதன்முதலாக மின்விசிறி பார்ப்பவனைப்போல் பார்த்தான்.

சீட் கவரை இறுக்கிப் பிடிக்க அடியில் எலாஸ்டிக் பட்டை வரும், அதன் நுனியில் கொக்கி இருக்கும். கொக்கியைச் சீட்டின் இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். எங்கள் சீட்டில் மட்டும் அது தரையோடு போகும் அந்த மெல்லிய காவல் ஒயரில் மாட்டியிருந்தது. சீட்டு பின்னால் இருந்தால் எலாஸ்டிக் தளர்ந்து கிடக்கும். முன்னால் வந்தால் விறைத்துக்கொண்டு ஒயரை இழுக்கும். அதற்குமேல் ஒரு குலுக்கல் போதும், தொடர்பு விட்டுப்போகும், ஆமை தலை நீட்டும்.

என் மனைவி கொக்கியை எட்டிப் பார்த்தாள். "நல்லா இறுக்கமாத்தான் மாட்டியிருக்கான் கண்ணு," என்றாள்.

"கொக்கி தானாக்கூடப் போய் மாட்டியிருக்கலாம்," என்றான் தம்பி மின்விசிறியிடம். "நான்தான்னு ஆதாரம் இல்ல."

அந்தப் பெண் கொக்கியை விடுவித்து, ஒயரையும் பிளக்கையும் புதிதாக மாற்றிக் கொடுத்தாள். மனைவி சீட்டை முன்னால் இழுத்து, எங்கள் இருவரையும் ஏற்றி, வீடு வரை ஓட்டி வந்தாள். வழியில் எந்த வேகத்தடையையும் அவள் தவறவிடவில்லை. சில இடங்களில் திரும்பி வந்து இன்னொரு முறை ஏறினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆமை வரவில்லை. அவள் எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டே ஓட்டினாள்.

ஞாயிறு காலை மகள் வந்தாள். காப்பி குடித்து முடித்ததும் கையை நீட்டினாள். மனைவி சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"பொறு கண்ணு, விஷயமே வேற!" என்று நான் குறுக்கே பாய்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். நடந்தபடியேதான் சொன்னேன். என்ன, பட்டறைக்காரர்கள் என்னை வெளியே எடுக்கக் கிரேன் கொண்டுவந்தார்கள் என்று ஒரு இடத்தில் வாய் தவறி வந்துவிட்டது. ஆமை என்னைப் பார்த்துக் கண் அடித்தது என்றும் ஒரு இடத்தில்.

மகள் சிரித்தாள். சிரித்தாளே தவிர நம்பவில்லை. "அப்பா, நீங்க சொன்னா அதுல பாதியக் கழிக்கணும், மிச்சத்தையும் பாதியாக்கணும். அம்மாவுக்கு சாவி வேணும்னு கதை கட்டறீங்க."

"உங்கம்மாவக் கேளு!"

"அம்மா அவங்க பக்கம்தான் பேசுவாங்க. பட்டறையிலயும் போன தடவை சரியாயிடுச்சுன்னுதானே சொன்னாங்க? ரோட்ல ஒண்ணு ஆயிட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?" அவள் கண் கலங்கியது. விளையாட்டாக அவள் சாவி கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கிரேனைக் கொண்டுவந்திருக்கக் கூடாது. வாழ்நாளில் முதல் தடவையாக முழு உண்மை பேசி, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவியதில் எல்லாம் கெட்டது.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆதாரத்தின் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க சொல்லுங்க. ஆதாரம் இல்லாம நீங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்க. நீங்க கூடவே இருந்தீங்களா? அப்பா சொல்றது நடந்துச்சா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றினான். "ஏதோ ஒரு ஒயர் லூஸா இருந்துச்சு" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மகள் அதை நம்பியிருக்கமாட்டாள், சாவியும் போயிருக்கும். முழுசாகச் சொன்னால் அவன் மானம் போகும். சமையலறை வாசலில் என் மனைவி கை துடைத்துக்கொண்டு நின்றாள். தம்பியை அவள் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சும்மா நின்றாள்.

"கிரேன் வரல," என்றான் அவன்.

"பாத்தீங்களா!" என்றாள் மகள்.

"கிரேன்தான் வரல. மத்தபடி உங்கப்பா அந்த சீட்டுல மடிஞ்சு உக்காந்தது நிஜம். அவரு ஓட்டி ஆமை வந்தது நிஜம், நானே பின்னால உக்காந்து பாத்தேன். சீட்டைப் பின்னால தள்ளினா போச்சு, முன்னால இழுத்தா வந்துச்சு, திரும்பத் திரும்பப் பாத்தாச்சு. உங்கம்மா கால்மேல ஒரு தப்பும் இல்ல." அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "கவர் கொக்கிய ஒயர்ல மாட்டினது நான். டார்ச் எடுக்க சோம்பல்பட்டு, கையால தடவிப் பாத்தே மாட்டினேன். கம்பின்னு நெனச்சேன்."

எழுந்து வந்து மேஜைமேல் இருந்த சாவியை எடுத்தான். அக்காவிடம் போய், அவள் ஈரக் கையில் அதை வைத்தான்.

"நடந்துச்சும்மா," என்றான் மகளிடம். "எல்லாமே நடந்துச்சு."